கரை வளர்கிறதா, தேய்கிறதா? திருவொற்றியூர் கடற்கரையும் வானத்திலிருந்து எடுத்த படங்களும்

2024 ஜனவரி 6, சனி. இணைய இழையில் வந்த கேள்வி

"அண்ணே, கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். 2003 படத்தையும் போன வருஷப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், திருவொற்றியூரில் எங்கள் தெரு முனைக்கு நேரே கரை 20 மீட்டர் கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது. கடல் ஊரைத் தின்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். படம் வேறு மாதிரி சொல்கிறது. கடலரிப்பு என்பதே கல் கொட்டுகிற கான்ட்ராக்டர்கள் கிளப்பிவிட்ட கதையா?"

ஜனவரி 6, இரவு 8.40

இல்லை. இரண்டே இரண்டு படத்தை வைத்துக்கொண்டு கரையைப் பற்றிப் பேசக் கூடாது. சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

ஜனவரி 6, இரவு 11.30

வந்தேன். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் விஞ்ஞானி என்று நினைத்துக்கொள்வீர்கள். சர்வே வேலைக்கு வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன். பிறந்தது திருவொற்றியூர் குப்பத்துக்குப் பக்கத்துத் தெரு. கியூஜிஐஎஸ் மென்பொருளில் கரைக்கோடு வரைவது எனக்குப் பொழுதுபோக்கு. மற்றவர்கள் கேரம் ஆடுகிற நேரத்தில் நான் இதைச் செய்கிறேன். பன்னிரண்டு வருஷம் முன்பு வேலை பார்த்த இடத்தில், இரண்டு படத்தை ஒப்பிட்டுக் கரைக்கோடு வரைந்து கொடுத்து, அது தப்பு என்று தெரிந்த பிறகும் அப்படியே அச்சாகிப் போனதை வேடிக்கை பார்த்தவன். அதனால்தான் மேலே அவ்வளவு வேகமாக "இல்லை" என்றேன்.

தம்பி, நீ பார்த்த 20 மீட்டரில் எத்தனை மீட்டர் கடல் நகர்ந்தது, எத்தனை மீட்டர் படம் நகர்ந்தது? அதை முதலில் பிரி. கூகுள் எர்த்தில் வேறு வேறு வருஷத்துப் படங்கள் ஒன்றோடொன்று அச்சுப் பிசகாமல் உட்காராது. ஐந்து, பத்து மீட்டர் இப்படி அப்படி இருப்பது சாதாரணம். கடலைப் பார்க்காதே. உன் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார். அது இருபது வருஷமாக நகரவில்லை அல்லவா? இரண்டு படத்திலும் அது எங்கே நிற்கிறது என்று அளந்து சொல்.

ஜனவரி 7, ஞாயிறு

தொட்டி எட்டு மீட்டர் கிழக்கே "நகர்ந்திருக்கிறது" என்று தம்பி அளந்து அனுப்பியிருக்கிறார். ஆக 20-ல் எட்டு போயிற்று. மீதி பன்னிரண்டு.

ஜனவரி 8

தப்பு என் மேல். மொட்டை மாடியை அளக்கச் சொல்லியிருக்கக் கூடாது. செயற்கைக்கோள் எப்போதும் நேர் மேலிருந்து பார்ப்பதில்லை. கொஞ்சம் சாய்ந்து பார்க்கும். அப்போது உயரமான எதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். மூன்று மாடி வீட்டின் தொட்டி ஒரு படத்தில் மேற்கே சாயும், இன்னொன்றில் கிழக்கே. தரையோடு தரையாக இருப்பதை எடுத்திருக்க வேண்டும். தெரு சந்திக்கிற முனை, கோயில் குளத்தின் படி, ரயில்வே கேட் மாதிரி.

மறுபடி அளந்தோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் தெரு சேருகிற இடம் இரண்டு படத்துக்கும் ஆறு மீட்டர் வித்தியாசம். தொட்டி சொன்ன எட்டில் இரண்டு மீட்டர் வெறும் சாய்வு. ஆக மீதி பன்னிரண்டு இல்லை, பதினான்கு.

ஜனவரி 13, சனி. போகி முந்தின நாள், ஆபீஸ் அரை நாள்

அடுத்தது வெள்ளம். மழை வெள்ளத்தைச் சொல்லவில்லை, கடல் ஏறி வற்றுகிற வெள்ளம். சென்னையில் அது பெரிதில்லை. அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாளில் சுமார் ஒரு மீட்டர் ஏறி இறங்கும், அஷ்டமி பக்கம் அதில் பாதிகூட இருக்காது. ஆனால் ஒரு மீட்டர் செங்குத்தாக ஏறினால் மணலில் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பது சரிவைப் பொறுத்தது. பத்துக்கு ஒன்று சரிவானால் பத்து மீட்டர். இருபதுக்கு ஒன்றானால் இருபது மீட்டர். நீ அளந்த மொத்தத்தையும் ஒரே நாளில் கடல் காலையில் எடுத்து மாலையில் திருப்பிக் கொடுத்துவிடும்.

பதினான்கில் பத்து வெள்ளம் என்று வைத்துக்கொண்டால் மீதி நாலு. நாலு மீட்டரை எந்தப் பிழைக் கணக்கிலும் போட்டு மூடிவிடலாம். ஆக என் தீர்ப்பு: உன் தெரு முனையில் கரை வளரவும் இல்லை, தேயவும் இல்லை.

இனி போகிக்கு எரிக்க என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறேன்.

ஜனவரி 17, காணும் பொங்கல்

"வெள்ளம் படத்துக்குப் படம் மாறும் என்றால், நிறையப் படம் எடுத்துச் சராசரி போட்டால் தீர்ந்ததே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பாதி தீரும். சென்டினல்-2 இரண்டு செயற்கைக்கோள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஒரு பிக்சல் பத்து மீட்டர். லேண்ட்சாட் ஒவ்வொன்றும் பதினாறு நாளுக்கு ஒருமுறை, பிக்சல் முப்பது மீட்டர். இரண்டுமே இலவசம். இவை சூரியனோடு கணக்கு வைத்துச் சுற்றுவதால் எப்போது வந்தாலும் காலை பத்து, பத்தரை வாக்கில்தான் வரும். மாலைக் கரையை இவை பார்த்ததே இல்லை.

இங்கேதான் ஒரு விஷமம். அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்கு ஏறக்குறைய பதினைந்து நாள், சரியாகச் சொன்னால் 14.77. லேண்ட்சாட் வருவது பதினாறு நாளுக்கு ஒருமுறை. அதாவது ஒவ்வொரு தடவையும் அது நிலவுக் கணக்கில் ஒன்றேகால் நாள் தள்ளி வந்து நிற்கிறது. பன்னிரண்டு தடவை, அதாவது ஏறக்குறைய 190 நாள், கழித்துப் பழைய இடத்துக்கே திரும்பும். விளைவு, ஒரே செயற்கைக்கோளின் படங்களை மட்டும் வரிசையாக வைத்தால், மூன்று மாதம் கரை அகலமாகவும் அடுத்த மூன்று மாதம் குறுகலாகவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிற ஒரு தாளம் தெரியும். கரை அப்படி எதுவும் செய்திருக்காது. நான் ஒரு வருஷம் முழுக்க இதைப் பருவக்காற்றின் வேலை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பருவக்காற்றும் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறைதானே திசை மாறுகிறது! நம்பாமல் என்ன செய்வது.

ஜனவரி 18

வழி என்ன என்று கேட்டவர்களுக்கு: தினசரி காலண்டர். விளையாட்டாகச் சொல்லவில்லை. படத்தின் தேதியை எடு, அன்றைய திதியைப் பார். இங்கே அமாவாசை, பௌர்ணமியில் காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். ஆகவே பத்தரைக்கு எடுத்த படத்தில் தண்ணீர் இன்னும் மேலேயே நிற்கும், கரை ஒல்லியாகத் தெரியும். அஷ்டமி, நவமியில் அதே நேரம் வற்றத்தை ஒட்டி இருக்கும், கரை அகலமாகத் தெரியும். துல்லியம் வேண்டுமென்றால் சென்னைத் துறைமுகத்தின் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றுகிற நேரப் பட்டியல், இருக்கிறது. கைக்கணக்குக்குப் பஞ்சாங்கமே போதும்.

ஜனவரி 21, ஞாயிறு

டிசம்பர் புயலுக்குப் பிறகு எடுத்த படங்களில் மேகம் விலகின ஒன்றைத் திறந்து பார்த்தேன். அடடா! கூவம் முகத்திலிருந்தும் எண்ணூர் முகத்துவாரத்திலிருந்தும் கடலுக்குள் டீயில் பால் கலக்கிற மாதிரி பழுப்புச் சுருள் சுருளாக இறங்குகிறது. கொசஸ்தலையாறு கொண்டுவந்த மண் முழுக்கக் கண்ணெதிரே. படத்தின் சிவப்பு ஒளிப் பட்டையை மட்டும் தனியாகப் போட்டால் இன்னும் தெளிவாக இருக்கும். கலங்கல் கூடக் கூட அந்தப் பட்டையில் கடல் பளிச்சென்று ஆகும். நம் கரைக்கு வரவேண்டிய மணல் எந்தப் பக்கம் போகிறது என்று இதை வைத்தே சொல்லிவிடலாம் போலிருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து வரையப் போகிறேன்.

ஜனவரி 23

ராத்திரி உட்கார்ந்து வரைந்ததை எல்லாம் அழித்துவிட்டேன்.

நேற்று எண்ணூர் பக்கம் போன வேலையோடு முகத்துவாரத்தில் இறங்கி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கலங்கல் தண்ணீர் பிடித்தேன். காலால் அடியைக் கொஞ்சம் கிளறிவிட்டுத்தான் பிடித்தேன். பாட்டிலைக் குலுக்கி மேஜையில் வைத்தால், மணல் பத்து எண்ணுவதற்குள் அடியில் உட்கார்ந்துவிட்டது. ஒரு விரல்கட்டை உயரத்துக்குக் கறுப்பும் பொன்னுமாக, கைக்கடிகாரத்தைப் பார்க்கக்கூட நேரம் தரவில்லை. மேலே இருந்த பழுப்பு மட்டும் அப்படியே நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், பழுப்பு. படுக்கப் போகும்போது பார்த்தேன், பழுப்பு. அப்படியென்றால் வானத்திலிருந்து தெரிகிற சுருள் மணல் இல்லை. வண்டல், களி. தண்ணீரில் மிதந்து நாள்கணக்கில் சுற்றுகிற பொடி. கரையைக் கட்டுகிற மணல் அலை உடைகிற பட்டையில், அடியோடு அடியாக உருண்டும் குதித்தும் போகிறது. அந்தப் பட்டை படத்தில் வெறும் வெள்ளை நுரை. நுரைக்கு அடியில் நடப்பதைச் செயற்கைக்கோள் பார்க்காது.

பழுப்புச் சுருளை வைத்து மேல்தண்ணீர் அன்றைக்கு எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லலாம். மணல் எங்கே போனது என்று சொல்ல முடியாது. மணல் போனதன் அடையாளம் கரைக்கோட்டில்தான் தெரியும், அதுவும் தாமதமாக.

பாட்டில் இன்னும் மேஜை மேலேயே இருக்கிறது. "இது என்ன, கங்கா தீர்த்தமா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

கடலரிப்பு கதையா என்று தம்பி கேட்டதற்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நம் கடற்கரையில் வருஷத்தில் பெரும்பங்கு நாள் தென்மேற்குப் பருவக்காற்றின் அலை தெற்கிலிருந்து சாய்ந்து வந்து அடிக்கும். மணல் வடக்கே நகரும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திரும்பித் தெற்கே நகரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த நடையின் குறுக்கே 1876-ல் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் நீட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அவற்றைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். முதலில் வாயில் கிழக்குப் பார்த்து இருந்தது. மணல் வந்து அடைக்க அடைக்கத் தாங்காமல், துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை மூடிவிட்டு வடகிழக்கில் வேறு வாயில் திறந்தார்கள்.

சுவருக்குத் தெற்கே வந்து முட்டின மணல் அங்கேயே தங்கிற்று. கோட்டைச் சுவரடி வரை அலை அடித்த இடத்தில் கடல் விலகிப் போய், அகலமான மணல்வெளி வந்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் அதன் ஓரம் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். சுவருக்கு வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வரிசையாகக் கரை கரைந்தது. சுருக்கமாகச் சொன்னால், நம் மணலில் உட்கார்ந்துதான் தென்சென்னைக்காரர்கள் சுண்டல் சாப்பிடுகிறார்கள்.

அப்புறம் கல். எண்ணூர் சாலையைக் காப்பாற்றக் கரை நெடுகக் கருங்கல் கொட்டினார்கள். 2000-களின் நடுவில் தொடங்கித் தூண்டில் வளைவுகள் வந்தன. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டின கல் கைகள். ஒவ்வொரு கையும் குட்டித் துறைமுகச் சுவர்தான். தெற்குப் பக்கம் மணல் பிடிக்கும், வடக்குப் பக்கம் விட்டுவிடும்.

தம்பி, உன் தெரு முனை எந்தத் தூண்டில் வளைவுக்கு எந்தப் பக்கம்?

பிப்ரவரி 5

தெற்குப் பக்கம்.

ம்.

பிப்ரவரி 6

கல்லுக்கு முந்தின காலத்தையும் படத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டவருக்கு. முடியும், சிரமத்தோடு. லேண்ட்சாட் 5 1984-லிருந்து இருக்கிறது. தூண்டில் வளைவு கட்டின காலத்தைச் சரியாகப் பார்க்கலாம் என்று ஆசையாக லேண்ட்சாட் 7 படங்களைத் திறந்தால், 2003 மே 31-ல் அதன் உள்ளே ஒரு கண்ணாடிப் பொறி கெட்டுப்போய், அதற்குப் பிறகு வந்த எல்லாப் படத்திலும் கறுப்புக் கோடுகள். கால் பங்குக்குக் கொஞ்சம் குறைய இடம் படத்தில் இல்லவே இல்லை. 2004 சுனாமி, தூண்டில் வளைவு எல்லாம் அந்தக் கோடுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. பல தேதிப் படங்களை ஒட்டுப்போட்டுத்தான் நிரப்ப வேண்டும், ஒட்டுப்போட்டால் பல வெள்ளத்துக் கரை ஒன்றாகக் கலந்துவிடும். சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறோம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இந்த இழையில் யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். கேட்டிருக்க வேண்டும்.

கரை மாற்ற வரைபடங்களில் நிறம் போடுவார்கள். சிவப்பு அரிப்பு, இன்னொரு நிறம் படிவு, நகராத இடத்துக்குப் பச்சை, "நிலையானது". இந்தியக் கரையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது என்று பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990-லிருந்து உள்ள படங்களை வைத்துச் சொன்ன கணக்கு பலருக்கும் தெரிந்ததே. அதே முறையில் நானும் வடசென்னைக்கு வரைந்தேன். கரைக்குச் செங்குத்தாக ஐம்பது மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு வருஷத்துக் கரை எங்கே வெட்டுகிறது என்று பார்த்து, வருஷத்துக்கு இத்தனை மீட்டர் என்று வேகம் கணக்கிடுவது. முடித்து நிறம் போட்டால் எங்கள் பழைய குப்பத்துப் பக்கம் பச்சை. நல்ல பசும் பச்சை.

அங்கே என் ஆயா வீடு இருந்தது. ஓலைக்கூரை, முன்னால் வலை காயப்போடுகிற இடம், அதற்கும் முன்னால் படகு ஏற்றுகிற மணல். நான் ஆறாவது படிக்கும்போது மணல் போயிற்று. ஒன்பதாவது படிக்கும்போது வலை காய்கிற இடமும் போயிற்று. கூரையைப் பிரித்து மேற்கே கொண்டுபோய்க் கட்டினார்கள். இப்போது அந்த இடத்தில் ஆளுயரக் கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. அலை கல்லில் வந்து அடிக்கிறது. கல் நகராது. ஆகவே கோடும் நகராது. வருஷத்துக்கு 0.0 மீட்டர். நிலையானது.

கோடு நகர முடியாத இடத்தில் கடல் கீழே தோண்டும். கல்லின் காலடியில் மணல் பறிபோய்க் கல் உள்ளே இறங்கும், மேலே மறுபடி கொட்டுவார்கள். அந்தப் பள்ளம் படத்தில் வராது. கலங்கல் கடலில் ஒளி அடிவரை போவதில்லை. தண்ணீரையும் தரையையும் பிரிக்க நாம் போடுகிற, மாட்லாடுகிற மாதிரி எல்லாம் பேசுகிற குறியீட்டுக் கணக்கு, படத்தின் பச்சை ஒளிப் பட்டையையும் அண்மை அகச்சிவப்பையும் கழித்து வகுத்து, "இது தண்ணீர், இது தரை" என்று மட்டும் சொல்லும். தரை என்றால் அதற்கு மணலும் தரை, கருங்கல்லும் தரை.

அன்றிலிருந்து என் வரைபடத்தில் நாலாவது நிறம் ஒன்று இருக்கிறது. கல் உள்ள இடத்துக்குச் சாம்பல். அங்கே வேகம் எழுதுவதில்லை.

பிப்ரவரி 12

"மாட்லாடுகிற மாதிரி" என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்து ஒருவர் சிரிக்கிறார். தெலுங்கில் மாட்லாடுவது என்றால் பேசுவது. திருவொற்றியூரில் பல வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். மாற்ற மாட்டேன்.

பிப்ரவரி 24, சனி. மாசி மகம்

பௌர்ணமி. கரையில் தீர்த்தவாரிக் கூட்டம். நானும் தம்பியும் அவர் தெரு முனையில் சந்தித்தோம் (நேரில் பார்த்தால் என்னைவிட நாலு வயதுதான் சின்னவர். தம்பி என்று கூப்பிட்டதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டாயிற்று, அவர் விடவில்லை). மின்கம்பம் ஒன்றைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு ஈரக்கோடு வரை டேப் பிடித்தோம். காலை ஒன்பதுக்கு 34 மீட்டர். மதியம் மூன்றுக்கு 44 மீட்டர். பத்து மீட்டர் வித்தியாசம், ஒரு மீட்டர் வெள்ளத்துக்கு. பத்துக்கு ஒன்று சரிவு என்று ஜனவரியில் குத்துமதிப்பாகச் சொன்னது பொருந்தி வந்தது. கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

படகடியில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்த பெரியவர் எங்களை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா நைனா, கடலை டேப் வச்சி அளக்குறியா? சாயங்காலம் கணக்கு திருப்பித் தருமா பாரு."

பிப்ரவரி 25, ஞாயிறு

கர்வம் ஒரு ராத்திரிதான்.

கரையில் அளந்த கையோடு, தம்பியின் இரண்டு படத் தேதிக்கும் திதி பார்த்தேன். ஜனவரியிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. காலண்டரைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நான் பார்க்கவில்லை. 2003 படம் அஷ்டமியை ஒட்டின நாள். போன வருஷப் படம் பௌர்ணமிக்கு மறுநாள். புரிகிறதா? பழைய படத்தில் தண்ணீர் கீழே, கரை அகலமாகத் தெரிந்த நாள். புதிய படத்தில் தண்ணீர் மேலே, கரை ஒல்லியாகத் தெரிந்த நாள். வெள்ளம் தம்பியின் கணக்கை ஊதிப் பெருக்கவில்லை, குறைத்துக் காட்டியிருக்கிறது. நான் பத்து மீட்டரைக் கழித்தேன். கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். அதுவும் பத்து இல்லை. பத்தரை மணிக்கு அந்த இரண்டு நாள் நீர்மட்ட வித்தியாசம் அரை மீட்டருக்குள்தான் இருக்கும், ஆகவே சுமார் ஐந்து.

பதினான்கும் ஐந்தும் பத்தொன்பது.

இரண்டு படமும் பிப்ரவரி, மார்ச்சில் எடுத்தவை. பருவ வித்தியாசம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. சென்டினல், லேண்ட்சாட் படங்களை வருஷவாரியாகச் சேர்த்துப் பார்த்தாலும் அந்தத் தெரு முனையில் கரை கிழக்கே போயிருப்பதுதான் தெரிகிறது. தூண்டில் வளைவுக்குத் தெற்குப் பக்கம் மணல் சேரும் என்று நானே பிப்ரவரி 4-ல் எழுதியிருக்கிறேன், எழுதின கையோடு "வளரவில்லை" என்ற ஜனவரித் தீர்ப்பைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

தம்பி சொன்ன எண் சரி. படம் நகர்ந்ததில் ஆறு கூடுதலாகவும் வெள்ளத்தில் ஐந்து குறைவாகவும் வந்து ஒன்றையொன்று ஏறக்குறைய அடித்துக்கொண்டதால் சரி. சரியோ சரி.

பிப்ரவரி 25, இரவு

எண் சரி. கான்ட்ராக்டர் கதை தப்பு. அந்தத் தூண்டில் வளைவைத் தாண்டி வடக்கே முன்னூறு மீட்டர் நடந்து பாருங்கள், என் வரைபடத்துச் சாம்பல் நிறம் தொடங்குகிற இடம் வரும். உங்கள் 20 மீட்டர் அங்கே வரவேண்டியது.

மார்ச் 10, ஞாயிறு

வலை முடிந்த பெரியவரைத் தேடிப் போனேன். சாயங்காலக் கணக்கு என்று அவர் சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்தேன். தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற நீரோட்டத்தைத் தெண்டி என்கிறார், வடக்கிலிருந்து வருவதை வண்ணி. தெண்டி எத்தனை நாள் ஓடிற்று, வண்ணி எப்போது தொடங்கிற்று என்று அவருக்கு வலை விழுகிற விதத்தில் தெரிகிறது. கரைவலை இழுக்க மணல் வேண்டும், கல்லில் இழுத்தால் வலை கிழியும். தூண்டில் வளைவு வந்த பிறகு இரண்டு கைக்கு நடுவே படகு ஏற்ற இடம் கிடைத்தது நல்லதுதான் என்றார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. "அதுக்கு முன்னாடி கல்லு மேலதான் படகு ஏத்தணும். அடி பேந்துடும்." அப்புறம் வடக்கே கையைக் காட்டினார். "அங்க இருக்கறவன கேட்டா வேற சொல்லுவான்."

வடக்கே என்றால் எண்ணூர் முகத்துவாரம், அதைத் தாண்டி 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், அதையும் தாண்டிக் காட்டுப்பள்ளி. அங்கிருந்து பழவேற்காடு வரை கடலுக்கும் கழிக்கும் நடுவே ஒல்லியான மணல் பட்டை. துறைமுகச் சுவர்களுக்கு வடக்கே அந்தப் பட்டையில் கோடு மேற்கே மேற்கே போகிறது. அங்கே கல் இல்லாத இடங்களில் கோடு இன்னும் உண்மை பேசுகிறது.

நான் காலை பத்தரை மணிக் கரையை மட்டும் பார்க்கிறவன் என்று அவரிடம் சொன்னேன். "அதுவும் நல்ல நேரந்தான், வெயிலு ஏறாது" என்றார்.

மார்ச் 11

மழைக்கால மேகத்துக்கு ரேடார் படம் உதவாதா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: சென்டினல்-1 மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். ஆனால் ரேடாருக்கு வழவழப்பான ஈர மணலும் அமைதியான தண்ணீரும் ஒரே கறுப்பு. வடகிழக்குப் பருவத்தில் கரை அதிகம் ஆட்டம் போடும்போதுதான் மற்ற படங்களில் மேகம். ஆகவே நம்மிடம் இருப்பது பெரும்பாலும் ஜனவரிக்குப் பிறகு எடுத்த, அடி வாங்கி எழுந்து உட்கார்ந்த கரையின் படங்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தம்பி கேட்கிறார்: "அப்போ எங்கள் தெரு வளர்ந்தது என்று எழுதிக்கொள்ளலாமா?"

எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தூண்டில் வளைவு வரை, இரண்டு பக்கமும் சேர்த்துக் கோடு வரைந்து அதோடு எழுதுங்கள். படத் தேதி, திதி இரண்டையும் ஓரத்தில் போடுங்கள். இன்னொன்று, திருவொற்றியூர் குப்பத்துச் சூரை மீன்பிடித் துறைமுகத்தின் சுவர் ஏற்கெனவே படத்தில் கையை நீட்டியிருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இன்றைய கரை எங்கே இருக்கிறது என்று இப்போதே வரைந்து வைத்துவிட வேண்டும். ஐந்து வருஷம் கழித்து யாராவது வந்து இதே கேள்வியைக் கேட்பார்கள். அடுத்த படம் வந்ததும் நானும் நீங்களும் தனித்தனியாக வரைவோம், பார்த்துக்கொள்ளாமல்.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள்

படம் வந்தது. மேகமே இல்லை. ஆனால் சித்திரை வெயில் உச்சிக்கு வந்துவிட்டதால் கடல் முழுக்க வெள்ளித்தட்டு மாதிரி பளபளக்கிறது. குறியீட்டுக் கணக்கு பாதிக் கடலைத் தரை என்கிறது. தம்பியின் கோடு ஒரு இடத்தில் கடலுக்குள்ளேயே போய்விட்டது. என்னுடையது இரண்டு இடத்தில்.

அடுத்தது ஐந்து நாள் கழித்து.